தேடினால் கிடைக்காத பதிவுகள்: மாஸ்டடான், ப்ளூஸ்கை, க்ராஸ்போஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்கும் ப்ளூஸ்கைக்கும் வந்த நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது, அதனால் இங்கே மொத்தமாக. நான் கணினித் துறை ஆள் இல்லை. ஏரிக்கரைப் பறவைகளைப் பற்றி எழுதுகிறவன், எழுதுவது நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று இதையெல்லாம் கற்றுக்கொண்டவன்.

ஃபெடிவெர்ஸ் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமூக வலைத்தள சர்வர்களின் கூட்டம், மின்னஞ்சல் மாதிரி. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்குக் கடிதம் போடுவதுபோல, ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரை ஃபாலோ செய்யலாம், பதில் சொல்லலாம்.

இரண்டு வரி முடிந்தது, இருந்தாலும் இன்னும் கொஞ்சம். இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர், 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016 இல் தொடங்கிய மாஸ்டடான், படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்ட்யூப் எல்லாம் இந்த மொழியைப் பேசுகின்றன. ப்ளூஸ்கை இந்தக் குடும்பம் இல்லை. அது ஏடி புரோட்டோகால் என்ற தனி ஏற்பாடு, 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும், அப்புறம்தான் எல்லோருக்கும் கதவு திறந்தார்கள்.

நம் நாட்டு ஆட்களுக்கு மாஸ்டடான் என்ற பெயர் பரவலாகத் தெரிய வந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதும் கோபத்தில் ஒரு கூட்டமே அங்கே போனது. பெரும்பாலோர் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் போய், திரும்ப மறந்துபோன ஆள்.

இரண்டு மாதமாக மாஸ்டடானில் எழுதுகிறேன். என் பதிவில் இருக்கிற சொல்லையே போட்டுத் தேடினாலும் நண்பர்களுக்கு வரவில்லை. என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்லை, நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பு வரைக்கும் மாஸ்டடானில் அடுத்தவர் பதிவுகளைச் சொல் போட்டுத் தேடவே முடியாது. ஹேஷ்டேக் தேடலாம், ஆளைத் தேடலாம், நீங்கள் எழுதியது, விரும்பியது, புக்மார்க் செய்தது என்று உங்களோடு தொடர்புள்ள பதிவுகளைத் தேடலாம், அவ்வளவுதான். 4.2 இல் முழுத் தேடல் வந்தது, ஆனால் யார் தன் பதிவைத் தேடலில் காட்டலாம் என்று தானே சொல்கிறாரோ அவருடையது மட்டும்தான் வரும். தொடக்கத்தில் அந்த அனுமதி எல்லோருக்கும் அணைந்தே இருக்கும்.

ப்ரிஃபரன்சஸ் போய், பப்ளிக் ப்ரொஃபைல், அதில் ப்ரைவசி அண்ட் ரீச். அங்கே இருக்கும் கட்டங்களில் மூன்று முக்கியம். ஒன்று, உங்கள் கணக்கையும் பதிவுகளையும் பரிந்துரைகளில் காட்டலாமா என்பது. இன்னொன்று, பொதுப் பதிவுகளை மாஸ்டடான் தேடலில் சேர்க்கலாமா. மூன்றாவது, உங்கள் பக்கத்தை கூகுள் போன்ற வெளித் தேடுபொறிகளுக்குக் காட்டலாமா. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதுதான் நான் பார்த்த வரையில் அதிகம் நடக்கிற தவறு.

இன்னொன்றும் பாருங்கள். பதிவின் பார்வை அளவு ‘பொது’ என்று இருக்க வேண்டும். ‘அன்லிஸ்டட்’ என்று முன்பு இருந்து, 4.3 இலிருந்து ‘கொயட் பப்ளிக்’ என்று பெயர் மாறிய அளவில் போட்டால், எந்தக் கட்டத்தை டிக் செய்திருந்தாலும் அது தேடலிலும் வராது, ஹேஷ்டேக் பக்கத்திலும் வராது. யாரோ சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் அன்லிஸ்டடில் போட்டுவிட்டு ஆறு மாதம் புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

எல்லாக் கட்டத்தையும் டிக் செய்துவிட்டேன். இன்னும் வரவில்லையே?

இதுதான் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டிய இடம். மாஸ்டடானில் எல்லாப் பதிவுகளும் சேர்ந்து கிடக்கிற ஒரே கிடங்கு கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்து சேர்ந்த பதிவுகளை மட்டும்தான் அறியும். உங்கள் பதிவு நண்பருடைய சர்வருக்கு எப்போது போகும்? அந்த சர்வரில் யாராவது ஒருவர் உங்களை ஃபாலோ செய்தால் போகும். அவர்கள் ஃபாலோ செய்கிற ஒருவர் உங்கள் பதிவை பூஸ்ட் செய்தால், அதாவது தன் வாசகர்களுக்கு மறுபகிர்வு செய்தால், போகும். பதிவுகளை சர்வருக்கு சர்வர் கடத்திவிடும் ரிலே ஒன்றில் இரண்டு சர்வர்களும் சேர்ந்திருந்தால் போகும். இது எதுவுமே நடக்கவில்லை என்றால் அந்த சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் எழுதவே இல்லை. உள்ளூர் நூலகத்தில் வாங்காத புத்தகத்தை அந்த நூலகத்தின் அட்டவணையில் தேடினால் எப்படிக் கிடைக்கும், அந்தக் கதைதான்.

ஹேஷ்டேக்குக்கும் இதே விதி. #பறவைகள் என்று என் சர்வரில் தேடினால் வருவதும் உங்கள் சர்வரில் தேடினால் வருவதும் ஒன்றாக இருக்காது. அதனால் சின்ன சர்வரில் இருப்பவர்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு: தேடினால் ஏதோ பாலைவனத்துக்கு வந்துவிட்டது போலத் தோன்றும். பக்கத்து சர்வரில் திருவிழா நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முழுத் தேடலுக்கு சர்வரில் எலாஸ்டிக்சர்ச் என்ற தனி மென்பொருள் ஓட வேண்டும், அது நினைவகத்தை நன்றாகத் தின்னும். சொந்தக் காசில் சர்வர் நடத்துகிறவர்கள் பலர் அதைப் போடுவதில்லை. அப்படிப்பட்ட சர்வரில் உங்கள் நண்பர் இருந்தால் அவருக்கு யாருடைய பதிவும் சொல் தேடலில் வராது. அதைப் போடச் சொல்லி நிர்வாகியிடம் கேட்கலாம், ஆனால் அவர் கையிலிருந்து செலவழிக்கிறார் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

ஒரு சின்ன உபாயம்: உங்கள் பதிவின் முழு முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்புங்கள், அவர் தன் கணக்கில் உள்ளே நுழைந்து தேடல் பெட்டியில் அதை ஒட்டினால், அவருடைய சர்வர் நேராக உங்கள் சர்வருக்குப் போய் அந்தப் பதிவை எடுத்து வந்துவிடும்.

தேடலை ஏன் இவ்வளவு கஷ்டமாக வைத்திருக்கிறார்கள்? வேண்டுமென்றேவா?

ஆமாம், வேண்டுமென்றேதான். ட்விட்டரில் ஒரு சொல்லைத் தேடி, அதை எழுதியவர்களை எல்லாம் வரிசையாகப் போய்த் திட்டுகிற கூட்டம் எல்லா மொழியிலும் உண்டு, தமிழில் இதற்கு உதாரணம் சொல்லத் தேவையே இல்லை. அதில் அடிபட்டு ஒதுங்கி வந்தவர்கள்தான் மாஸ்டடானின் ஆரம்பகாலக் குடிகள். அவர்களுக்கு ‘தேட முடியாது’ என்பது வேலி. கேட்காமல் எல்லாருடைய பதிவையும் திரட்டித் தேடுபொறி கட்ட வந்தவர்கள் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் மூடிவிட்டுப் போனது ஒரு தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. ப்ளூஸ்கைக்கும் ஃபெடிவெர்ஸுக்கும் பாலம் போட வந்த பிரிட்ஜி ஃபெட்டுக்கும் 2024 பிப்ரவரியில் இதே சண்டை. வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்பதுதான் முதல் திட்டம், சண்டைக்குப் பிறகு வேண்டியவர் மட்டும் சேரலாம் என்று மாற்றினார்கள்.

எனக்கு இந்த வேலி பிடிக்கும். ஆனால் நாமக்கோழி பற்றி எழுதுகிறவனை யார் தேடி வந்து திட்டப் போகிறார்கள், அதனால் என் வீட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுவது என்ன என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அரசியலோ சாதியோ தனிப்பட்ட வலியோ எழுதுகிறவர் அந்தத் தேடல் கட்டத்தை டிக் செய்யாமல் விடுவதில் ஒரு தப்பும் இல்லை.

ஹேஷ்டேக் எத்தனை போடலாம்? தமிழிலா, ஆங்கிலத்திலா?

மாஸ்டடானில் ஹேஷ்டேக்தான் உயிர். 2022 நவம்பரில் வந்த 4.0 இலிருந்து ஹேஷ்டேக்கையே ஃபாலோ செய்யலாம், அப்படிச் செய்தவருடைய முகப்பு டைம்லைனில், உங்களைத் தெரியாவிட்டாலும், உங்கள் பதிவு போய் நிற்கும், அவருடைய சர்வருக்கு அது வந்து சேர்ந்திருந்தால். ஒரு காலத்தில் தமிழ் வலைப்பதிவுகளுக்குத் தமிழ்மணம் திரட்டி செய்த வேலையை இங்கே ஹேஷ்டேக் செய்கிறது. அன்றைக்குத் திரட்டியில் சேராத வலைப்பதிவு ஊருக்குத் தெரியாது, இன்றைக்கு ஹேஷ்டேக் இல்லாத மாஸ்டடான் பதிவு அப்படி.

எண்ணிக்கைக்கு விதி இல்லை. நான் மூன்று நான்கு போடுவேன், அதற்கு மேல் போனால் கல்யாண பேனர் மாதிரி ஆகிவிடும். தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு. தமிழ் ஹேஷ்டேக்கைப் பார்க்கிறவர் குறைவுதான், ஆனால் பார்க்கிறவர் படிப்பார், பதில் சொல்வார். ஆங்கில ஹேஷ்டேக்கில் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நட்சத்திரம் தட்டிவிட்டுப் போவார்கள்.

வாக்கியத்துக்கு நடுவே ஹேஷ்டேக் போடும் பழக்கத்தைத் தமிழில் விட்டுவிடுங்கள். ‘நேற்று #மதுரையில் மழை’ என்று எழுதினால் அது #மதுரை இல்லை, ‘மதுரையில்’ என்ற வேறொரு ஹேஷ்டேக், அதை உலகத்தில் யாரும் ஃபாலோ செய்யவில்லை. ஒட்டு இல்லாத மூலச் சொல்லாகக் கடைசி வரியில் வையுங்கள். வெறும் எண் ஹேஷ்டேக் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், #2025 என்று போட்டால் அது சும்மா எழுத்தாகவே நிற்கும்.

தமிழில் தேடினால் பாதிப் பதிவு விடுபடுகிறதே, ஏன்?

மேலே சொன்ன அதே ஒட்டுத் தொல்லைதான். மாஸ்டடான் தேடலில் சொல்லின் வேரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. ஆங்கிலத்தில் ஒருமை போட்டால் பன்மையும் வரும். தமிழில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ‘ஏரி’ என்று தேடினால் ‘ஏரியில்’, ‘ஏரிக்கு’, ‘ஏரிக்கரை’ எதுவும் வராது, அதன் கண்ணுக்கு எல்லாம் வேறு வேறு சொற்கள். நம் மொழியில் வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு பெயர்ச்சொல் எத்தனை வாக்கியத்தில் வரும் சொல்லுங்கள்! ஆகவே தேடுகிறவர் நான்கைந்து உருவங்களைப் போட்டுத் தேட வேண்டும், எழுதுகிறவர் மூலச் சொல்லைப் பதிவில் எங்காவது ஒரு தடவை தனியாக வைக்க வேண்டும். கடைசி வரி ஹேஷ்டேக் அதற்கும் உதவும்.

பதிவு போடும்போது மொழி என்ற சின்னப் பொத்தான் இருக்கிறது, அதையும் கவனியுங்கள். தமிழில் எழுதிவிட்டு மொழி ஆங்கிலம் என்று இருந்தால், தமிழ் மட்டும் போதும் என்று வடிகட்டிப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. ப்ளூஸ்கையிலும் இதே பொத்தான், இதே விளைவு. ஒரே பதிவைப் பல இடத்துக்கு அனுப்பும் க்ராஸ்போஸ்ட் கருவிகள் பல இந்த மொழிக் குறிப்பில் கோட்டை விடும், முதல் பதிவு போய்ச் சேர்ந்ததும் போய்ப் பாருங்கள்.

அப்புறம் ‘ஸ்ரீ’. இந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம்: ‘ஸ’வில் புள்ளி வைத்து ‘ரீ’ சேர்ப்பது ஒன்று, அதிகம் புழங்காத ‘ஶ’வில் புள்ளி வைத்துச் சேர்ப்பது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்த ஸ்ரீரங்கம் இன்னொருவரின் தேடலில் கிடைக்காமல் போவதற்கு இது போதும். திருவரங்கம் என்று எழுதுகிற தனித்தமிழ் நண்பர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

ப்ளூஸ்கையில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையா?

சர்வருக்கு சர்வர் மாறுகிற தொல்லை இல்லை. அங்கே உங்கள் பதிவு எந்த சர்வரில் கிடந்தாலும், ரிலே என்ற ஒன்று எல்லா சர்வரிலிருந்தும் அள்ளி ஒரே ஓடையாக விடுகிறது, செயலி அந்த ஓடையிலிருந்து அட்டவணை போடுகிறது. எனவே தேடினால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான். அனுமதி கேட்கும் கட்டமும் இல்லை, எழுதியது எல்லாமே பொது. ‘உள்ளே நுழையாதவர்களுக்கு என் கணக்கைக் காட்டாதே’ என்று ஒரு அமைப்பு உண்டு, ஆனால் அது வேண்டுகோள்தான், மற்ற செயலிகள் மதித்தால் உண்டு. பூட்டு என்று நம்பிவிடாதீர்கள்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது தனி ஃபீட்கள், அதாவது ஒரு விதிக்குள் அடங்கும் பதிவுகளை மட்டும் திரட்டிக் காட்டும் வரிசைகள். நீங்களே விதி எழுதி ஒரு ஃபீட் கட்டலாம், ஸ்கைஃபீட் போன்ற கருவிகள் இருக்கின்றன, நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இதில் தமிழுக்கு ஒரு லாபம்: சொல்லின் தொடக்கத்தை மட்டும் விதியாகக் கொடுக்கலாம். ‘ஏரி’ என்று கொடுத்தால் ஏரியில், ஏரிக்கரை எல்லாம் விழும் (எரிமலை விழாது, ஆனால் ‘ஏரியா’ விழும், தேநீர்க் கடைப் பேச்சு முழுக்க வந்து குவியும், அனுபவம்). ‘மரம்’ போன்ற சொல்லுக்கு இது போதாது, ‘மரத்தில்’, ‘மரத்துக்கு’ என்று உடல் மாறிவிடுவதால் ‘மரம்’, ‘மரத்’, ‘மரங்’ என்று மூன்று தொடக்கமும் கொடுக்க வேண்டும். பள்ளியில் சாரியை படித்தபோது இது எதற்கு என்று நினைத்ததற்கு இப்போது பதில் கிடைத்தது.

கூகுளில் என் பதிவு வருமா? என் வலைத்தளத்துக்கு லிங்க் கொடுத்தால் தரவரிசை ஏறுமா?

கூகுளில் வரலாம், மேலே சொன்ன மூன்றாவது கட்டம் அனுமதித்தால். தரவரிசைக்காக வருகிறீர்கள் என்றால் வேறு வேலை பாருங்கள். மாஸ்டடானில் கொடுக்கிற லிங்க்குகளில் ‘நோஃபாலோ’ என்ற குறிப்பு தானாகச் சேர்ந்துவிடும், தேடுபொறிகள் அதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அதன் பொருள்.

சரி, க்ராஸ்போஸ்ட். ஒரே பதிவை எல்லா இடத்திலும் போட எத்தனை வழி இருக்கிறது?

நடைமுறையில் மூன்று. முதலாவது, கையாலேயே ஒட்டுவது. சிரிக்காதீர்கள், நாளைக்கு ஒரு பதிவு போடுகிறவருக்கு இதுதான் சிறந்தது.

இரண்டாவது, ஒரே செயலியில் எழுதிப் பல கணக்குக்கும் அனுப்புவது. ஓப்பன்வைப் போன்ற செயலிகள் மாஸ்டடான், ப்ளூஸ்கை, நாஸ்டர், த்ரெட்ஸ் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். பஃபர் போன்ற நேரம் குறித்துப் போடும் சேவைகளும் மாஸ்டடானையும் ப்ளூஸ்கையையும் சேர்த்துக்கொண்டன. முன்பு மாஸ்டடானுக்கும் ட்விட்டருக்கும் நடுவே இலவசமாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள், 2023 இல் ட்விட்டர் வெளிக் கருவிகள் நுழைகிற வாசலான தன் ஏபிஐக்குக் காசு கேட்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளில் அவற்றின் பெயர்தான் இன்னும் இருக்கிறது, நம்பித் தேடாதீர்கள்.

மூன்றாவது, பாலம். அதற்குத் தனிக் கேள்வி வைத்திருக்கிறேன்.

பாலம் என்பது க்ராஸ்போஸ்டிலிருந்து எப்படி வேறுபடும்?

க்ராஸ்போஸ்டில் உங்களுக்கு இரண்டு வீடு, இரண்டிலும் நீங்கள் குடியிருக்கிறீர்கள். பாலத்தில் ஒரு வீடு, அக்கரையில் உங்கள் நிழல். பிரிட்ஜி ஃபெட்டின் கணக்கை மாஸ்டடானிலிருந்து ஃபாலோ செய்தால் போதும், ப்ளூஸ்கையில் உங்கள் பெயரில் ஒரு நிழல் கணக்கு உருவாகி, அன்றிலிருந்து நீங்கள் எழுதுவது அங்கேயும் தெரியும். பழைய பதிவுகள் போகாது. ப்ளூஸ்கையிலிருந்து இந்தப் பக்கம் வரவும் இதே முறைதான்.

நிறை என்னவென்றால், அக்கரையில் ஒருவர் பதில் சொன்னால் அது உங்கள் மாஸ்டடான் அறிவிப்பிலேயே வரும், ஆனால் அவரும் பாலத்தில் சேர்ந்திருந்தால்தான். சேராத ஒருவர் உங்கள் நிழலுக்குக் கீழே கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்லாத திமிர் பிடித்தவன் என்று உங்களை நினைத்துக்கொண்டிருக்கலாம், உங்களிடம் அந்தக் கேள்வி பதிலாக வந்திருக்காது. இந்தக் காரணத்தால் அக்கரையில் நிறைய நண்பர்கள் உள்ளவர் அங்கே சொந்தக் கணக்கு வைத்துக்கொள்வதே மேல் என்பேன். எப்போதாவது எட்டிப் பார்க்கிறவருக்குப் பாலம் போதும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரே பதிவு ப்ளூஸ்கையில் உங்கள் பெயரிலும் நிழலின் பெயரிலும் இரட்டையாக வந்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கு எரிச்சல்.

மாஸ்டடானில் பதிவைத் திருத்தலாம். ப்ளூஸ்கை செயலியில் திருத்தம் என்பதே இல்லாததால் பாலம் வழியாகவும் திருத்தம் போவதில்லை. எழுத்துப்பிழையை இங்கே சரிசெய்து நிம்மதியாகத் தூங்கினால், அங்கே அது அப்படியே நிற்கும்.

எழுத்து எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் வேறாக இருக்கிறதே, தமிழுக்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இது தமிழருக்குச் சுவாரசியமான கேள்வி. மாஸ்டடானில் வழக்கமாக 500, சில சர்வர்களில் நிர்வாகி கூட்டி வைத்திருப்பார். ப்ளூஸ்கையில் 300. எக்ஸில், அதாவது பெயர் மாறிய ட்விட்டரில், காசு கட்டாதவருக்கு 280. எண்ணைப் பார்த்தால் ப்ளூஸ்கையும் எக்ஸும் கிட்டத்தட்ட ஒன்று என்று தோன்றும். அப்படி இல்லை. மாஸ்டடானும் ப்ளூஸ்கையும் நாம் கண்ணால் பார்க்கிற எழுத்தை எண்ணுகின்றன: ‘கொ’ ஒரு எழுத்து, ‘க்’ ஒரு எழுத்து, தொல்காப்பியர் வந்து எண்ணினாலும் அப்படித்தான் எண்ணுவார். எக்ஸ் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: ‘க’வுக்கு ஒன்று, அதன் மேல் புள்ளிக்கு இன்னொன்று. ‘பக்கம்’ என்பது நமக்கு நான்கு எழுத்து, எக்ஸுக்கு ஆறு. ஆகவே ப்ளூஸ்கையில் 300க்குள் அடங்கிய தமிழ்ப் பதிவு எக்ஸில் பெரும்பாலும் அடங்காது, கருவி அதைப் பாதியில் வெட்டும், அல்லது அனுப்பவே மறுக்கும்.

மாஸ்டடானில் எவ்வளவு நீளமான லிங்க்கும் 23 எழுத்தாகவே கணக்கில் வரும், தமிழ் முகவரிகள் சதவீதக் குறிகளாக நீண்டு பயமுறுத்தினாலும் கவலை வேண்டாம்.

நான் செய்வது இதுதான்: முதலில் ப்ளூஸ்கையின் 300க்கு எழுதுவேன். மாஸ்டடானுக்குப் போகும்போது அதில் இரண்டு வரியும் ஹேஷ்டேக்குகளும் சேர்ப்பேன். நீளமாக எழுதிவிட்டு வெட்டுவதைவிட, குட்டையாக எழுதிவிட்டு வளர்ப்பது சுலபம்.

தானியங்கியாக விட்டுவிடலாமா? தினமும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். மாஸ்டடானில் எழுதினால் ப்ளூஸ்கைக்குப் போக ஒரு சேவை, ப்ளூஸ்கையில் எழுதினால் மாஸ்டடானுக்கு வர வேறொரு சேவை, இரண்டையும் ஒரே நாளில் இயக்கிவிட்டு வெளியூர் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். ‘கரையோரம் ஒரு கொக்கு’ என்ற என் பதிவு அங்கே போய், அங்கே புதுப் பதிவு வந்திருக்கிறது என்று இங்கே திரும்பி, மறுபடி அங்கே போய்… பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நண்பர் கூப்பிட்டு, ‘ஏங்க, அந்தக் கொக்கு இன்னும் பறக்கலையா?’ என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. முப்பத்தியேழு கொக்கு. சர்வர் நிர்வாகி கணக்கை முடக்கியிருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு திசையில் மட்டும் வையுங்கள், ஒரே ஒரு கருவி வையுங்கள்.

வேறு சங்கடங்களும் உண்டு. ப்ளூஸ்கைக் கணக்கின் பெயரை அப்படியே மாஸ்டடானுக்கு அனுப்பினால் அங்கே அது யாரையும் சுட்டாது, சும்மா எழுத்தாக நிற்கும். படத்துக்கு எழுதிய விளக்கம் சில கருவிகளில் வழியில் தொலைந்துவிடும். மாஸ்டடானில் படவிளக்கம் இல்லாத படத்தை பூஸ்ட் செய்யவே மாட்டேன் என்று இருப்பவர்கள் கணிசமான பேர், திரைபடிப்பானில் கேட்டுப் படிக்கிறவர்களுக்காக அவர்கள் பிடிக்கும் பிடிவாதம் அது, நியாயமான பிடிவாதம்தான். விளக்கம் தமிழில் எழுதினாலும் போதும்.

க்ராஸ்போஸ்ட் செய்தால் அங்கே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களாமே?

பதிவைப் போட்டுவிட்டுப் பதிலே சொல்லாதவரைப் பார்த்தால் சுளிப்பார்கள். சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போகிறவரோடு யார் பேச்சுக் கொடுப்பார்கள்? மாஸ்டடானின் முகப்பு டைம்லைன் வெறும் நேர வரிசை. யாரைக் காட்டலாம் என்று தீர்மானிக்கிற அல்காரிதம் அங்கே இல்லை. உங்கள் பதிவைத் தூக்கிக்கொண்டு அடுத்த சர்வருக்குப் போவது ஒரு மனிதர் தட்டுகிற பூஸ்ட்தான். அவர் தட்ட வேண்டுமானால் உங்களை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிய வேண்டுமானால் அவருடைய பதிவுக்கு நீங்கள் நாலு தடவை பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இங்கே கிடைத்த வாசகர்களில் பாதிப்பேர் நான் அடுத்தவர் படத்துக்குக் கீழே ‘இது உள்ளான் இல்லை, பவளக்காலி’ என்று சொல்லப் போய்ச் சண்டையில் தொடங்கி வந்தவர்கள்.

நேரம் இல்லாதவர் எந்த இடத்தில் பதில் சொல்வீர்களோ அதை ப்ரொஃபைலிலேயே எழுதிவிடுங்கள், ‘இங்கே தானியங்கி, பேச வேண்டுமானால் மாஸ்டடானுக்கு வாங்க’ என்று. அதற்கப்புறம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

த்ரெட்ஸில் கணக்கு இருக்கிறது. அதுவும் ஃபெடிவெர்ஸ்தானே?

பாதி. த்ரெட்ஸை நடத்தும் மெட்டா 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பானில் ஃபெடிவெர்ஸுக்குப் பதிவை அனுப்பும் வசதியைத் திறந்து பின்பு பல நாடுகளுக்கு விரித்தது, நீங்களாகப் போய் இயக்கினால்தான் உங்கள் பதிவு வெளியே போகும். மெட்டா என்ற பெயரைக் கேட்டாலே கதவடைக்கிற மாஸ்டடான் சர்வர்களும் உண்டு, அங்கே இருப்பவர்களுக்கு நீங்கள் எழுதுவது போய்ச் சேராது.

எனக்குச் சொந்தமாக வலைப்பதிவு இருக்கிறது. எதை மூலமாக வைத்துக்கொள்வது?

வலைப்பதிவைத்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கூகுளில் தேடி வருகிறவருக்கு நிலையான முகவரி அதுதான். மாஸ்டடானில் சர்வர் மாறினால் ஃபாலோ செய்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. பழைய சர்வர் மூடப்பட்டால் அந்த முகவரிகளும் அதோடு போச்சு. தேடலில் கிடைப்பதைப் பற்றிப் பேசும்போது இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

வேர்ட்பிரஸ் வைத்திருந்தால் ஆக்டிவிட்டிபப் ப்ளகின் (துணை நிரல்) போடுங்கள், உங்கள் வலைப்பதிவே ஃபெடிவெர்ஸில் ஒரு கணக்காகிவிடும், மாஸ்டடானிலிருந்தே அதை ஃபாலோ செய்யலாம், அங்கே சொல்லும் பதில் இங்கே பின்னூட்டமாக வரும். பிளாக்ஸ்பாட்டில் அந்த வசதி இல்லை, ஆனால் அதன் ஃபீட் முகவரியைக் கொடுத்தால் புதுப் பதிவின் தலைப்பையும் லிங்க்கையும் எடுத்துப் போடும் சேவைகள் இருக்கின்றன. தலைப்பும் லிங்க்கும் மட்டும் போனால் யாரும் தட்டமாட்டார்கள் என்பது வேறு விஷயம், கட்டுரையிலிருந்து ஒரு நல்ல பத்தியை எடுத்துக் கையால் போடுங்கள்.

மலிவு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாஸ்டடானில் லிங்க் போட்டதும், அந்தப் பதிவு போய்ச் சேர்ந்த ஒவ்வொரு சர்வரும் முன்னோட்டப் படத்துக்காகத் தனித்தனியாக உங்கள் தளத்துக்கு வரும். பெரிய கணக்கு ஒன்று பூஸ்ட் செய்தால் சில நிமிடங்களில் அத்தனை பேரும் கதவைத் தட்டுவார்கள். என் தளம் ஒரு தடவை இப்படிப் படுத்தது. பக்கங்களின் நகலைத் தயாராக வைத்துக் கொடுக்கும் கேஷ் ப்ளகின் போட்டபிறகு தாங்குகிறது.

அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடுமா?

அழிக்கச் சொல்லி செய்தி போகும், பெரும்பாலான சர்வர்கள் கேட்கும், உறுதி கிடையாது. கருவி வழியாகப் போட்ட நகல்களைத் தனித்தனியாகப் போய்த்தான் அழிக்க வேண்டும்.

எந்த நேரத்தில் போட்டால் தமிழர்கள் பார்ப்பார்கள்?

நேர வரிசை டைம்லைன் என்பதால் மாஸ்டடானில் நேரம் முக்கியம்தான். நான் காலை ஆறரைக்குப் போடுகிறேன். நடைப்பயிற்சி முடித்த சென்னைக்காரர் கையில் கைபேசி இருக்கும், சிங்கப்பூரில் மணி ஒன்பது, டொரண்டோவில் கோடைகாலம் என்றால் முந்தின இரவு ஒன்பது. லண்டன் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்காகச் சாயங்காலம் என் பதிவை நானே ஒரு தடவை பூஸ்ட் செய்துவிடுவேன், ஒரே ஒரு தடவை.